சித்தப்பாவுக்கு மூன்று அட்டை மாத்திரை

மருந்துக் கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கும் பணிக்குப் புதிதாய் வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

எந்த மாத்திரை எந்த அலமாரியில் இருக்கிறது, காலாவதித் தேதியை எங்கே பார்ப்பது என்பவற்றையெல்லாம் முதலாளி உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார். அவற்றை நான் மறுபடி சொல்லப் போவதில்லை. சின்னக் காஞ்சிபுரத்தில் இதே கடையில் முப்பத்தோர் ஆண்டுகள் நின்றவன் என்ற முறையில், அலமாரியில் இல்லாத சிலவற்றைக் குறித்து எழுதும்படி கேட்டுக்கொண்டார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். பிறகு படித்ததெல்லாம் கிளை நூலகத்தில், மதிய இடைவேளையில். ஆகவே நடையில் பிழை இருப்பின் பொறுத்தருள்க. செய்தியில் பிழை இராது. ஏனெனில் பிழை செய்தவனே எழுதுகிறேன்.

முதலில் நம் ஊரின் ஒரு வழக்கத்தை நீங்கள் அறிய வேண்டும். சளிக்கும் காய்ச்சலுக்கும் மக்கள் தத்தம் தெருமுனைக் கடையில் மருந்து வாங்குவார்கள். மனநோய்க்கு மட்டும் அப்படி வாங்க மாட்டார்கள். பெரிய காஞ்சிபுரத்தார் பேருந்து ஏறிச் சின்னக் காஞ்சிபுரத்துக்கு வருவார்கள். சின்னக் காஞ்சிபுரத்தார் பேருந்து ஏறிப் பெரிய காஞ்சிபுரத்துக்குப் போவார்கள். நடுவழியில் இரண்டு பேருந்துகளும் ஒன்றையொன்று கடக்கும். உள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்து, கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போகிறார்கள் போலும் என்று எண்ணிக்கொள்வார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அந்த மாத்திரையை எவரும் தமக்காக வாங்குவதில்லை. மாமியாருக்கு, மைத்துனருக்கு, மேல்மாடியில் குடியிருப்பவருக்கு என்றுதான் வாங்குவார்கள். மருத்துவர் சீட்டில் எழுதியிருக்கும் பெயரும், எதிரில் நிற்பவரை ஊரார் அழைக்கும் பெயரும் ஒன்றாகவே இருக்கும். சீட்டைப் படிக்க வேண்டும். ஆனால் படித்ததாக முகம் காட்டக் கூடாது. இது எந்தப் பட்டயப் படிப்பிலும் பாடமாக இல்லை.

எனக்கு இதைக் கற்பித்தவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு மருந்துக் கடையில் என்னைப் போலவே நின்றவர். பெயரைக் கேட்டதில்லை, அவரும் என் பெயரைக் கேட்டதில்லை. மாதம் ஒருமுறை அவர் கடைக்கு நான் வாடிக்கையாளனாகப் போவேன். "சித்தப்பாவுக்கு மூணு அட்டை" என்பேன். அவர் சீட்டை வாங்கி, பெயர் இருக்கும் மேல்பகுதியைத் தம் கட்டைவிரலால் மறைத்தபடி படிப்பார். மாத்திரையை உறையிலிட்டுத் தரும்போது மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆம், எனக்கு அந்த நோய் உண்டு. மனம் சில காலம் அளவுக்கு மீறி எழும்; பிறகு அளவுக்கு மீறி விழும். அதே மாத்திரை என் கடையில், என் வலக்கைக்கு எட்டும் இரண்டாம் தட்டில் அடுக்கி இருந்தது. அதை விட்டுவிட்டு, இந்தக் கதை நடந்தபோதே பதினோர் ஆண்டுகளாகப் பேருந்து ஏறிப் போய் வாங்கிக்கொண்டிருந்தேன். எனக்குச் சித்தப்பாவே கிடையாது.

இடையில் ஒருநாள் அந்த இளையவரே எங்கள் கடைக்கு வந்து நின்றார்.

"எதிர்வீட்டு அக்காவுக்கு ரெண்டு அட்டை வேணும்ணே" என்றார்.

சீட்டின் மேல்பகுதியில் என் கட்டைவிரலை வைத்துக்கொண்டேன். விசிறியைப் பார்த்தேன். அன்று மின்சாரம் இல்லை, விசிறி ஓடவில்லை. இருந்தாலும் பார்த்தேன்.

பல மாதம் கழித்து ஒருநாள் கேட்டேன்: "அக்கா எப்பிடி இருக்காங்க?"

"உங்க சித்தப்பா மாதிரியேதான் இருக்காங்க" என்றார்.

எங்களுக்கிடையே நடந்த மிக நீண்ட உரையாடல் அதுவரை அதுதான்.

இப்படிப்பட்ட ஆசிரியரிடம் பயின்ற நானே ஒருநாள் தவறினேன்.

வைகாசி மாதம், கருட சேவை நாள். சின்னக் காஞ்சிபுரம் முழுதும் தலைகள். எங்கள் கடையில் தலைவலிக்கும் மயக்கத்துக்கும் மருந்து கேட்டு ஐந்து வரிசைக்கு ஆட்கள். மேளச் சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழவில்லை. அக்கூட்டத்தில் ஒரு நெசவாளர் நின்றார். பெரிய காஞ்சிபுரத்துக்காரர், மூன்று ஆண்டுகளாக மாதந்தோறும் வருபவர். தம் மச்சானுக்கு என்று சொல்லி, நான் சாப்பிடும் அதே மாத்திரையை வாங்குவார். அவரை இங்கே மச்சான் என்றே குறிப்பிடுகிறேன். இதை எழுத அவருடைய அனுமதி உண்டு. பெயரை எழுத இல்லை.

உள்ளறையில் இருந்த உதவியாளருக்குக் கேட்க வேண்டும் என்று, மேளத்தை மீறிக் கத்தினேன்:

"மச்சானுக்குன்னு சொல்லிக்கினு தலைக்கு மாத்திரை வாங்குவாரே, அவரு வந்துட்டாரு. மூணு அட்டை எடு."

நான் வாயைத் திறந்தபோது மேளம் இருந்தது. சுவாமி எங்கள் கடைக்கு நேரே நின்றதும், ஆரத்திக்காக மேளம் நின்றது. அந்த நிசப்தத்தில் என் குரல் தெருவின் இரு பக்கமும் போய்த் திரும்பிற்று. சுவாமியைப் பார்க்க வேண்டியவர்கள் மச்சானைப் பார்த்தார்கள். அவருக்கு நேர் பின்னால், அவருக்குப் பட்டிழைப் பாவு கொடுத்து நெய்யச் சொல்லும் முதலாளி வீட்டு அம்மாள் ஒரு கைக்குழந்தையோடு நின்றிருந்தார். அந்த அம்மாள் மச்சானை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

மச்சான் மாத்திரையை வாங்கவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை.

அந்த மாத்திரையைத் திடுமென நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை நான் ஏட்டில் படித்து அறிந்தவன் அல்லன். ஒருமுறை நிறுத்திப் பார்த்தவன். ஆகவே நாள்களை எண்ணத் தொடங்கினேன். அவர் வீடு எனக்குத் தெரியாது. விசாரித்துக்கொண்டு போனால், அன்று ஒரு தெருவுக்குத் தெரிந்தது இன்னும் நான்கு தெருவுக்குத் தெரியும்.

இப்போது காட்சி மாறுகிறது. அதே ஆண்டுதான்; இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்து இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. எங்கள் கடைக்கு மேல்மாடியில் செல்வி என்ற பெண் ஒரு பிரவுசிங் சென்டர் திறந்தார். பலகையால் தடுத்த ஆறு அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கணினி, ஒரு முக்காலி. என் மாத்திரையைப் பற்றி உலகம் என்ன சொல்கிறது என்று பார்க்க, மதியம் இரண்டுக்கும் நான்குக்கும் இடையில் கடை மூடியிருக்கும் நேரத்தில் ஏறிப் போனேன். ஒரு மணி நேரம் படித்து, எனக்கு இன்னும் ஒன்பது நோய்கள் இருப்பதை அறிந்துகொண்டேன்.

எழும்போதுதான் கணினியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த ஒரு துண்டுத் தாளைக் கண்டேன். "தூக்கம் வராதவர்கள் இந்த அறைக்கு வரலாம்" என்று எழுதி, அரட்டை அறை ஒன்றின் பெயர் கொடுத்திருந்தது. அத்தாள் மாத்திரை போட்டுத் தரும் உறையிலிருந்து வெட்டியது. நாள்தோறும் நூறு உறைகளை மடிக்கும் எனக்கு அது அன்றே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

"இது யாரும்மா ஒட்டினது?" என்று செல்வியிடம் கேட்டேன்.

"தெரியல சார். எல்லா சென்டர்லயும் ஒட்டிக்கினு இருக்குதாம். கிழிச்சிடட்டா?"

"வேணாம். எனக்கும் சரியா தூக்கம் வரல."

அவரே எனக்கு ஒரு கணக்கைத் திறந்து கொடுத்தார். "பேரு இன்னா சார் போடறது? உண்மையான பேரு யாரும் போட மாட்டாங்க."

யோசிக்கவே இல்லை. "சித்தப்பா" என்றேன்.

அவ்வறையில் வழக்கமாக நால்வர் இருந்தோம். அக்கா என்பவர் பெங்களூரு. மச்சான் என்பவர் துபாய். பெரியம்மா என்பவர் சிங்கப்பூர். நான் கோயம்புத்தூர் என்று போட்டுக்கொண்டேன். வெளிநாடு என்று சொல்லும் அளவுக்குத் துணிவு இல்லை. தமிழை ஆங்கில எழுத்தில் ஒவ்வொன்றாகத் தேடித் தட்டுவோம். ஓர் அறை முழுதும் உறவினர்களால் நிறைந்திருந்தும், இவர்களெல்லாம் யாருக்கு உறவினர் என்று கேட்டுக்கொள்ள எனக்குப் பல வாரங்கள் ஆயின. தமிழர்கள் எங்கே கூடினாலும் உறவு சொல்லித்தானே அழைப்பார்கள் என்று இருந்துவிட்டேன்.

அங்கே தூக்கத்தைப் பற்றி எவரும் பேசவில்லை. மாத்திரை சாப்பிட்டால் வாய் காய்வதைப் பற்றிப் பேசினோம். பெண் பார்க்கப் போன இடத்தில் அதைச் சொல்வதா வேண்டாமா என்பதைப் பற்றிப் பேசினோம். "நல்லா இருக்கறப்ப, இது நான் நல்லா இருக்கறதா, இல்ல நோயான்னு சந்தேகம் வருது" என்று சிங்கப்பூர்ப் பெரியம்மா ஒருநாள் எழுதினார். அந்த வரியை முக்காலியில் உட்கார்ந்தபடி நான்கு முறை படித்தேன். என்னைத் தவிர வேறெவருக்கும் இந்தச் சந்தேகம் இருக்க முடியாது என்று பதினோர் ஆண்டுகள் நம்பியிருந்தேன்.

துபாய் மச்சான் ஒருநாள் எழுதினார்: "இங்க துபாய்ல ஒரு மெடிக்கல் ஷாப்காரன் பெரிய கூட்டத்துல என் மானத்த வாங்கிட்டான். அன்னிலருந்து மாத்திரைய நிறுத்திட்டேன்."

எனக்கு இரத்தம் கொதித்தது. தொழிலின் மானமே போயிற்று என்று எண்ணினேன். "அவனெல்லாம் ஒரு மருந்துக் கடைக்காரனா? அவன் நாக்கை அறுக்க வேண்டும். அரபு நாட்டில் அதற்குச் சட்டம் இருக்கும், விசாரித்துப் பாருங்கள்" என்று எழுதினேன்.

"சித்தப்பா, நீங்க ஒருத்தர்தான் என்னை புரிஞ்சிக்கினு இருக்கீங்க" என்று பதில் வந்தது.

மறுவாரம் மதியம் மூன்று மணிக்கு மின்சாரம் போயிற்று. செல்வியின் சென்டரில் யு.பி.எஸ். இருந்ததால் என் கணினி அணையவில்லை. திரையைப் பார்த்தேன். பெங்களூரு மறைந்தது. துபாய் மறைந்தது. சிங்கப்பூர் மறைந்தது. மூன்றும் ஒரே நொடியில். கோயம்புத்தூர் மட்டும் தனியே நின்றது.

பத்து நிமிடத்தில் மின்சாரம் வந்தது. ஐந்தாறு நிமிட இடைவெளியில் மூவரும் திரும்பி வந்தார்கள். பால் காய்ச்சப் போனேன் என்றார் பெங்களூரு. ஒட்டகச் சந்தையில் சத்தம், எழுந்து பார்க்கப் போனேன் என்றார் துபாய். சிங்கப்பூர் ஒன்றும் சொல்லவில்லை, கண்ணியமானவர்.

அதன்பின் அறையை உற்றுக் கவனித்தேன். நம் ஊரில் மழை பெய்யும் நாள்களில் மூன்று ஊர்களிலும் மழை பெய்தது. நான்கு நாள்களில் ஐந்து முறை மின்சாரம் போயிற்று; ஐந்து முறையும் உலகம் ஒன்றாக அணைந்தது. அக்கா யார் என்பது விளங்கிற்று. மச்சான் யார் என்பதும் விளங்கிற்று. நாக்கை அறுக்கச் சொன்னது எவனுடைய நாக்கை என்பதும் விளங்கிற்று.

இங்கேதான் என் இரண்டாவது தவறு. உடனே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் அவர் அறையை விட்டுப் போய்விடுவார், மாத்திரையைப் பற்றிப் பேச ஒரு வழியும் இராது என்று எனக்கு நானே நியாயம் கற்பித்துக்கொண்டேன். உண்மை என்னவெனில், ஒருவர் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அதை இழக்க மனம் வரவில்லை. மூன்று வாரம் கடத்தினேன். "மாத்திரையை மறுபடி ஆரம்பியுங்கள், வேறு கடையில் வாங்குங்கள்" என்று சித்தப்பாவாக எழுதினேன். அக்காவும் எழுதினார். மச்சான் கேட்கவில்லை.

அவர் எழுத்தின் வேகம் கூடியது. ஐந்து நாளாய்த் தூங்கவில்லை, தேவையும் இல்லை என்றார். இதுவரை எவரும் நெய்யாத புடவையை நெய்யப் போகிறேன், நிறங்கள் தாமாகவே வந்து சொல்கின்றன என்றார். படிக்க இன்பமாக இருந்தது. நானும் ஒரு காலத்தில் அப்படி இன்பமாக இருந்திருக்கிறேன்; என் மனைவியைக் கேட்டால் அந்த இன்பத்தைப் பற்றி வேறு விதமாகச் சொல்லுவாள்.

பிறகு ஒருநாள்: "பாவை அறுத்துட்டேன்."

தறியில் ஏற்றிய பாவு என்பது ஆயிரக்கணக்கான பட்டிழைகள்; பாவு கொடுத்த முதலாளிக்கு உரியது. நெய்து முடியும்வரை நம் ஊர் நெசவாளர் எவரும் அதில் கத்தியை வைக்க மாட்டார். வைப்பதாகக் கனவுகூடக் காண மாட்டார். துபாயில் இருந்துகொண்டு எந்தப் பாவை அறுத்தீர்கள் என்று எவரும் கேட்கவில்லை. எங்களுக்கெல்லாம் அறுந்த சத்தம் கேட்டது.

அதன்பின் இரண்டு வாரம் அவர் அறைக்கே வரவில்லை. வந்தபோது எழுத்தின் வேகம் போயிருந்தது. ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"மச்சான் இனிமே வரமாட்டான். எல்லாரும் நல்லா இருங்க. அக்கா, சித்தப்பா, உங்களுக்கு நன்றி."

அந்த நன்றி எதைக் குறிக்கிறது என்று எனக்குப் புரிந்தது. விரல்கள் விசைப்பலகையில் ஓர் எழுத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போயிற்று. துபாய் அணைந்தது. பெங்களூரு அணைந்தது.

செல்வியின் மேசையிலிருந்த தொலைபேசியை எடுத்து, பெரிய காஞ்சிபுரத்துக் கடைக்குச் சுழற்றினேன். அந்த எண் என் மாத்திரை உறையிலேயே அச்சிட்டிருக்கும்.

"எதிர்வீட்டு அக்கா இருக்காங்களா?" என்றேன்.

மறுமுனையில் பேனாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "சித்தப்பாவா பேசறது?" என்றது அந்தக் குரல்.

"படிச்சீங்களா?"

"கடைசி வரி வரைக்கும். எங்கடையில பில்லு போடற கம்ப்யூட்டர்லதான் பாத்துக்கினு இருந்தேன். அண்ணே, அவரு எங்க இருக்காருன்னு தெரியுமா?"

"பெரிய காஞ்சிபுரத்துல. எந்த சென்டர்னு தெரியல."

"நான் தாள் ஒட்டினது இங்க மூணு எடத்துல. ரெண்டுல ஜெனரேட்டர் இருக்குது, கரன்ட்டு போனா சாட்லருந்து ஆளு விழமாட்டாங்க. விழறது காந்தி ரோட்டு மாடிதான்." அவருக்கு மூச்சு வாங்கிற்று. "ஆனா எனக்கு அவரு மூஞ்சி தெரியாதே."

"எனக்குத் தெரியும். நான்தான் அந்த துபாய் மெடிக்கல்காரன்."

"அது எனக்கு மொதல் நாளே தெரியும்ணே. கருட சேவை அன்னிக்கு உங்க கடைக்கு எதிரேதான் சாமி பாத்துக்கினு நின்னேன். உங்க கொரலு கேட்டுச்சு, கூட்டத்துல அவரு மூஞ்சிதான் தெரியல" என்றார். "நீங்க கெளம்பி வாங்க. அதுவரைக்கும் ஒருத்தரையும் எறங்கிப் போக விடாம நான் பாத்துக்கறேன்."

"எப்பிடி?"

"ஈ.பி.ல விசாரிச்சேன், இதோ கரன்ட்டு வந்துடும்னு சொல்லிக்கினே இருப்பேன். நம்ம ஊர்ல அத நம்பாதவன் உண்டா?"

ஷேர் ஆட்டோவில் எட்டாவது ஆளாகத் தொற்றிக்கொண்டு போனேன். கடைச் சாவி என் இடுப்பில் இருந்தது. நான்கு மணிக்குத் திறக்க வேண்டியவன் நான் என்ற நினைவு பாதி வழியில்தான் வந்தது. அன்று முதலாளி பூட்டின் முன் ஒன்றரை மணி நேரம் நின்றார். முப்பத்தோர் ஆண்டுகளில் அவர் வெளியே நின்றது அந்த ஒரு நாள்தான். அதை இன்றும் சொல்லிக் காட்டுவார்.

காந்தி ரோட்டில், ஒரு பட்டுக் கடையின் மாடிப்படியடியில் பதினைந்து பேர் வியர்த்துக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு மணி நேரத்துக்கு எழுதிக் கொடுத்த சீட்டு. அக்கா நடுவில் நின்று, "தோ வந்துடும்பா, லைன்மேன் கம்பத்துல ஏறிட்டாராம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டத்தின் ஓரத்தில், சுவரில் சாய்ந்து மச்சான் நின்றார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. தாடி வளர்ந்திருந்தது. இனி வரமாட்டேன் என்று எழுதிவிட்ட மனிதர், சீட்டில் மீதியிருந்த இருபது நிமிடத்தை விட்டுப் போக மனமில்லாமல் காத்திருந்தார். அந்த இருபது நிமிடத்துக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

என்னைக் கண்டதும் அவர் முகம் இறுகிற்று.

"நீயா? இங்கயும் வந்துட்டியா? இன்னா, இந்தத் தெருலயும் கத்திட்டுப் போலாம்னு வந்தியா?"

வழியெல்லாம் நான் அடுக்கி வைத்திருந்த நல்ல சொற்கள் ஒன்றும் வரவில்லை. மன்னிப்புக் கேட்கலாம், அது என் மனத்துக்கு இதம், அவருக்கு என்ன பயன்? பக்கத்தில் போய்த் தணிந்த குரலில் பேசினால் அவர் நகர்ந்து போய்விடுவார். ஒரு நொடிதான் இருந்தது. கருட சேவை அன்று எந்தக் குரலில் கத்தினேனோ அதே குரலில் கத்தினேன்:

"மாத்திரை எனக்குத்தான்பா. எனக்கு சித்தப்பாவே கெடையாது. பதினோரு வருஷமா நான்தான் சாப்பிட்டுக்கினு இருக்கேன். உன் மச்சான் சாப்பிடறானே, அதே மாத்திரை."

தெரு திரும்பிப் பார்க்கும் என்று எதிர்பார்த்தேன். பதினான்கு பேரும் மின்கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் மட்டும் என் பக்கம் சாய்ந்து, "உங்களுக்கும் வாய் காயுதா?" என்று கேட்டுவிட்டு மீண்டும் கம்பத்தைப் பார்த்தார். அவர்தாம் சிங்கப்பூரோ என்ற ஐயம் எனக்கு இன்றும் உண்டு.

மச்சான் என்னையே பார்த்தார். அவர் உதடு அசைந்தது. "சித்தப்பாவா?"

"ஆமா."

"கோயம்புத்தூரு?"

"நீ துபாய்னா நான் கோயம்புத்தூரு."

"அந்தக் கடைக்காரன் நாக்க அறுக்கணும்னு நீயே எழுதின."

"எழுதினேன். என் நாக்க."

மச்சான் சிரிக்கவில்லை. தம் இரண்டு கைகளையும் எனக்கு முன் நீட்டிக் காட்டினார். விரல்கள் நடுங்கின. "நீ கத்தினது ஒரு சாக்கு. அந்த மாத்திரை சாப்பிட்டா கை ஆடுது. இழை அந்து அந்து போவுது. நெசவுக்காரனுக்கு கை ஆடினா அப்புறம் இன்னா இருக்குது? நிறுத்தின அப்புறமும் பாரு, பயத்துல ஆடுது. உனக்கு ஆடலியா? உனக்கு இன்னா, மாத்திர எடுத்துக் குடுக்கறதுதானே."

என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். அக்காவின் பையிலிருந்து ஒரு மாத்திரை உறை கிடைத்தது. அதில், வேளைக்கு இத்தனை என்று நாம் எழுதுவதைப் போல, ஒன்று – சுழி – ஒன்று என்று எழுதிக் காட்டினேன். பேனா தாளைக் கிழித்தது. நடுக்கம் தெரியாதிருக்க நான் பேனாவை அழுத்திப் பிடிப்பவன். உறை கிழிகிறது, மையை வீணாக்குகிறான் என்று முதலாளி பதினோர் ஆண்டுகளாகத் திட்டியதற்குக் காரணம் அதுதான். அவருக்கு நான் சொன்னதில்லை.

மச்சான் அந்தக் கிழிசலை விரலால் தடவிப் பார்த்தார். நெசவாளர் அல்லவா; துணியில் எங்கே பிசகு என்பது அவர் விரலுக்குத் தெரியும்.

"டாக்டர் கிட்ட கை ஆடுதுன்னு சொன்னியா?" என்று கேட்டேன்.

"சொல்லல."

"நானும் சொல்லல. வா, ரெண்டு பேரும் சேந்து போயி சொல்லுவோம்."

அவர் கடைசியாக அக்காவைப் பார்த்தார். அக்காவுக்கு நல்ல கறுத்த மீசை. "இவரு யாரு?"

"அக்கா" என்றேன்.

மச்சான் மீசையைப் பார்த்தார். "பொண்டாட்டி கிட்ட சொல்லாததெல்லாம் இவன் கிட்ட சொல்லிக்கினு இருந்தேனே" என்றார். அப்போதுதான் முதல்முறையாக அவர் குரலில் உயிர் வந்தது. மின்சாரம் அதன் பிறகும் ஒரு மணி நேரம் வரவில்லை.

அன்று மாலையே அவர் மனைவியையும் அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் போனோம். சில வாரம் மருத்துவமனையில் இருந்தார். அளவைக் குறைத்து, இன்னொரு மாத்திரையைச் சேர்த்தார்கள். கை நடுக்கம் பாதியாயிற்று. அறுந்த பாவை அவர் மனைவியும் நாத்தனாரும் இழை இழையாகப் பிணைத்தார்கள். பாவு கொடுத்த முதலாளி வீட்டு அம்மாள் வந்து பார்த்தார்; தறியைப் பிடுங்கவில்லை. அவர் கண் மச்சானின் கைமேல்தான் இருந்ததாம். வெகு நாள் கழித்து எங்கள் கடைக்கு அந்த அம்மாள் தம் அண்ணிக்கு என்று சொல்லி ஒரு சீட்டைக் கொண்டுவந்தார். என் கட்டைவிரல் எங்கே இருந்தது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தம்பி தங்கைகளே, இதிலிருந்து பெரிய தத்துவம் எதையும் எடுக்க வேண்டாம். வாடிக்கையாளர் ஒரு மாதம் வரவில்லை என்றால் கவனியுங்கள். மேளம் எப்போது வேண்டுமானாலும் நிற்கும் என்பதை மறவாதீர்கள். கத்தத்தான் வேண்டும் என்றால், உங்களைப் பற்றிக் கத்துங்கள். எவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

மச்சான் மறுபடி எங்கள் கடைக்கே வரலானார். வந்த முதல் நாள் கடையில் பத்துப் பேர் நின்றார்கள். அவர் படியில் நின்றபடியே, தெருக்கோடிக்குக் கேட்கும் குரலில், "இன்னாபா, உங்க சித்தப்பா மாத்திரைய ஒழுங்கா சாப்பிடறாரா?" என்று கேட்டார். முதலாளி தலையை நிமிர்த்தி, "உனக்கு ஏதுப்பா சித்தப்பா?" என்றார்.

நான் மூன்று அட்டையை எடுத்து வைத்தேன். "மச்சான் சாப்பிட்டா அவரும் சாப்பிடறாராம்" என்றேன்.

ஓய்வு பெற்ற பிறகும் பல ஆண்டுகள் பெரிய காஞ்சிபுரத்துக்குப் பேருந்து ஏறிப் போய்க்கொண்டிருந்தேன். மறைப்பதற்காக அல்ல, மின்விசிறியைப் பார்க்கும் அந்த முகத்தைப் பார்ப்பதற்காக. சென்ற மாதம் அக்காவும் ஓய்வு பெற்றுவிட்டார். எனக்கும் முன்போல் பேருந்துப் படி ஏற முடிவதில்லை. ஆகவே அடுத்த மாதத்திலிருந்து உங்களிடமே வருவதாக இருக்கிறேன்.

எழுபது கடந்த ஒரு கிழவர் வந்து, சித்தப்பாவுக்கு மூன்று அட்டை கேட்பார். சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். சித்தப்பாவுக்கு வயது என்ன என்று மட்டும் கேட்காதீர்கள்.